துயர் நாளில் துணை வந்த இசை

இன்பம் வந்தபோது பாடுவது எல்லோருக்கும் எளிது. துன்பம் வந்த வேளையில் பாடுவதுதான் அரிது. ஆயினும், பாட்டு நமக்கு மிகுதியாகத் தேவைப்படுவது அந்த வேளையில்தான் என்பதைச் சிறு வயதிலேயே நாங்கள் அறிந்துகொள்ளும்படி ஆயிற்று. அதை அறிந்த இடம் ஆலயமன்று, பள்ளியின் இசையறையும் அன்று. உள்ளங்கை அகலமே உள்ள ஒரு கைபேசி! இக்கட்டுரையை எழுதுவது ஒருத்தியின் கைதான். ஆனால் இதிலுள்ள நினைவுகள் எங்கள் ஆறு பேருக்கும் உரியவை. ஆகவே 'நான்' என்று எழுத மனம் வரவில்லை. 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

நாங்கள் வடசென்னைப் பிள்ளைகள். எங்களில் மூவர் இராயபுரத்தில் வசிப்பவர்கள், இருவர் திருவொற்றியூர், ஒருத்தி எண்ணூர்க் குப்பத்தைச் சேர்ந்தவள். எங்கள் தந்தையரில் ஒருவர் துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றி இறக்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். ஒருவர் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறார். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒருவர் படகில் கடலுக்குப் போகிறார். இராயப்பர் என்று நம் முன்னோர் அழைத்த புனித பேதுருவின் பெயரைத் தாங்கி நிற்பது எங்கள் இராயபுரம். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டதும் இங்கிருந்துதான். திருவொற்றியூருக்கோ இசையுலகில் தனிச் சிறப்பு உண்டு. தியாகராஜ சுவாமிகள் அங்கு வந்து அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அவை திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்று பெயர் பெற்றவை. அவருடைய சீடர் வீணை குப்பய்யரும் திருவொற்றியூரோடு தொடர்புடையவர்.

எங்கள் பகுதியில் ஓசைக்குப் பஞ்சமே இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரிகளின் ஹாரன். துறைமுகத்தில் கப்பலின் ஊதல். தொழிற்சாலையில் ஷிப்டு மாறும்போது சங்கு. விடியுமுன் காசிமேட்டில் ஏலக் கூச்சல். இவற்றின் நடுவே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அமைதி என்றால் என்னவென்றே தெரியாது. அந்த அமைதி ஒருநாள் வந்தது. வந்தபோது அது எங்களை அச்சுறுத்தியது.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. நாங்கள் அப்போது நான்காம் வகுப்பு. "லீவு விட்டாச்சு!" என்று முதல் வாரம் துள்ளிக் குதித்தோம். இரண்டாம் வாரத்தில் துள்ளல் அடங்கிவிட்டது. குருத்து ஞாயிறன்று ஆலயக் கதவு மூடியிருந்தது. உயிர்த்த ஞாயிறன்றும் அப்படியே. மே, ஜூன் மாதங்களில் நாள்தோறும் வெளிவந்த சென்னையின் மண்டலவாரிப் பட்டியலில் நோயாளிகள் எண்ணிக்கையில் பெரும்பாலும் முதலிடம் இராயபுரம் மண்டலத்துக்கே. எங்கள் தெரு முனையில் தகரம் அடித்தார்கள். ஒரே அறை கொண்ட வீட்டில் ஐந்து பேர், ஆறு பேர். வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் அப்பா. கணக்குப் பார்த்துக் கணக்குப் பார்த்து அரிசி போடும் அம்மா. இருமினாலே எல்லோரும் திரும்பிப் பார்க்கும் பாட்டி. யாருக்கும் யாரோடும் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று.

ஞாயிறுதோறும் ஆலயத்தில் எங்களுக்குப் பாட்டுப் பயிற்சி உண்டு. அதுவும் நின்றது. பள்ளியை மூடியது புரிந்தது. பாட்டை ஏன் நிறுத்த வேண்டும் என்பது அந்த வயதில் புரியவில்லை. பின்னாளில்தான் காரணம் தெரிந்துகொண்டோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கேகிட் என்னும் பகுதியில், 2020 மார்ச் 10 அன்று 61 பேர் கூடிப் பாடற்பயிற்சி செய்தார்கள். அவர்களில் 53 பேரை நோய் பற்றியதாகக் கணக்கிடப்பட்டது, இருவர் மரணமடைந்தனர். பாடும்போது நாம் ஆழ்ந்து மூச்சிழுத்து, பலமாக வெளியே விடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளில் கிருமியும் சேர்ந்து போகிறது. எந்த மூச்சு மனிதரை ஒன்றாக்கிற்றோ அந்த மூச்சே அன்று ஆபத்தாயிற்று. என்ன கொடுமை!

இந்நிலையில்தான் எங்கள் பாட்டு மிஸ் ஒரு காரியம் செய்தார். மிஸ்ஸுக்கு எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கைபேசியில் பேசுவதைத் தவிர வேறெதுவும் அறியாதவர். கல்லூரியில் படிக்கும் தம் பேரனிடம் ஒரு வாரம் பாடம் கேட்டு, ஜூம் என்னும் செயலியைப் பழகிக்கொண்டு, 2020 ஜூன் மாதத்தில் எங்கள் ஒவ்வொருத்தியின் வீட்டுக்கும் தொலைபேசியில் பேசினார். "திங்கள், வியாழன், சாயங்காலம் அஞ்சு மணி. பாட்டு கிளாஸ். பொண்ண உக்கார வையுங்க" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் வீடுகளில் பெரும்பாலும் ஒரே கைபேசி. அது அப்பாவின் கைபேசி. ஐந்து மணிக்கு அதை வாங்கிக்கொண்டு ஒருத்தி மொட்டை மாடிக்குப் போவாள். ஒருத்தி மாடிப்படியில் அமர்வாள். ஒருத்தி கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையே உள்ள சந்தில் புகுந்துகொள்வாள். "மிஸ், கேக்குதா?" "கேக்குது கண்ணு, பாடு." இந்த இரு வாக்கியங்களை எத்தனை நூறு முறை சொல்லியிருப்போமோ!

மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசையிலிருந்து பாடம் தொடங்கிற்று. ஆனால் முதல் நாளே ஓர் இடைஞ்சல். மிஸ்ஸின் சுருதிப் பெட்டி எங்களுக்குக் கேட்கவில்லை! ஓயாமல் ஒரே சீராய் ஒலிக்கும் எதையும் மின்விசிறி இரைச்சல் போன்றதென்று கருதி அச்செயலி அடக்கிவிடுகிறதாம். நம் இசைக்கு உயிரான சுருதி அதற்கு இரைச்சலாகத் தோன்றியது விந்தையன்றோ! ஒலியை உள்ளபடியே அனுப்பும் அமைப்பு ஒன்று அதில் உண்டென்று பேரன் கண்டுபிடித்த பிறகுதான் சுருதி எங்களை வந்தடைந்தது.

அடுத்த இடைஞ்சலுக்கு மாற்றே கிடைக்கவில்லை. சேர்ந்து பாட முடியாது. ஏனெனில் ஒலி இணையத்தில் போய்ச் சேரச் சிறிது நேரம் பிடிக்கிறது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். காற்றில் ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். அப்படியானால் அந்தத் தாமதம் 68 மீட்டர் தொலைவுக்குச் சமம். அதாவது, ஒருத்தி ஆலயப் பீடத்தருகிலும் மற்றொருத்தி வாசலைத் தாண்டித் தெருக்கோடியிலும் நின்றுகொண்டு சேர்ந்து பாட முயல்வது போல! முதல் நாள் ஆறு பேரும் ஒன்றாகப் பாடினோம். சந்தையில் ஏலம் விடுவது போலிருந்தது. மிஸ் சிரித்துவிட்டு ஒரு விதி வகுத்தார். அவர் ஒருமுறை பாடுவார். பிறகு எங்களில் ஒருத்தி மட்டும் பாடுவாள். மற்றவர்கள் மியூட் செய்துவிட்டுக் கேட்க வேண்டும். கட்டணமில்லாமல் அச்செயலி தந்த நேரம் 40 நிமிடம். புதுப் பாடத்துக்கு 16 நிமிடம். மீதியில் ஆளுக்கு நான்கு நிமிடம்.

அந்த நான்கு நிமிடத்தைப் பற்றித்தான் இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புகிறோம்.

சேர்ந்து பாடுவதால் மனத்துக்கு நன்மை உண்டென்பதை எல்லோரும் சொல்வர். 2013ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒன்றாகப் பாடுவோரின் மூச்சு ஒரே சீராவதால் அவர்களுடைய இதயத்துடிப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது என்று கண்டு வெளியிட்டார்கள். நீண்ட அடியைப் பாடும்போது மூச்சை மெல்ல மெல்ல விடுகிறோம். அதனால் துடிப்பு தணிந்து மனமும் அமைதியுறுகிறது. நல்லது. ஆனால் நாங்களோ சேர்ந்து பாடவே இல்லையே! பிறகு எப்படி எங்கள் மனம் தேறியது? திங்கட்கிழமை ஐந்து மணிக்காக ஞாயிறு இரவிலிருந்தே ஏன் காத்திருந்தோம்?

இதற்கு விடை சொன்னவர் எங்களில் ஒருத்தியின் பாட்டி. அவர் இளமையில் சென்னை வானொலியில் 'இசைப் பயிற்சி' கேட்டுப் பாடக் கற்றவர். 1938இல் தொடங்கிய அந்நிலையம், பாட்டு வாத்தியார் வைத்துக்கொள்ள வசதியற்ற எத்தனையோ வீடுகளுக்கு இசையைக் கொண்டு சேர்த்தது. தொலைவிலிருந்து பாட்டுக் கற்பது நம் ஊருக்குப் புதிதன்று. எங்கள் வகுப்பை ஓரமாக அமர்ந்து சில நாள் கவனித்த அந்தப் பாட்டி சொன்னார்: "ரேடியோ நல்லாத்தான் சொல்லிக் குடுக்கும். ஆனா நான் பாடுனது அதுக்குக் கேக்காதே! ஒங்க மிஸ்ஸுக்குக் கேக்குது இல்ல?"

ஆம், அதுதான் வேறுபாடு. ஊரடங்கு நாட்களில் எங்களுக்குச் சொல்லித் தர எத்தனையோ இருந்தன. கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்திற்று. செய்திகள் எண்ணிக்கை சொல்லின. வீட்டில் பெரியவர்கள் கை கழுவச் சொன்னார்கள். எல்லாம் நன்மைக்கே. எனினும் எல்லாம் எங்களை நோக்கி வந்தவை. எங்களிடமிருந்து புறப்பட்டு ஒருவர் செவியைச் சென்றடைந்தது அந்த நான்கு நிமிடம் மட்டுமே. ஆலயத்தில் முப்பது குரல்களுக்குள் எங்கள் குரல் ஒளிந்து கொண்டிருந்தது. இங்கே ஒளிய இடமில்லை. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி 'ஸ ரி க ம' என்று பாடுவதை ஆறு மனிதர்கள், வேறு வேலையின்றி, மூச்சடக்கிக் கேட்டார்கள். "ரி கொஞ்சம் ஏறிடுச்சு கண்ணு, இன்னொரு வாட்டி" என்று மிஸ் சொல்லும்போது, உலகமே நின்றுபோன நாளிலும் எங்கள் 'ரி' ஒருவருக்கு முக்கியமாயிருக்கிறது என்று தோன்றும். திருத்தப்படுவதும் ஓர் ஆறுதல் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

மிஸ் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் தாய்மார் வற்புறுத்திய பின் ஒரு கட்டணம் விதித்தார். கற்ற வரியை அடுத்த வகுப்புக்குள் வீட்டிலுள்ள ஒருவருக்குப் பாடிக் காட்ட வேண்டும். அவர் என்ன சொன்னார் என்று வந்து சொல்ல வேண்டும். இந்தக் கட்டணம் எங்கள் வீடுகளில் செய்த மாற்றத்தை என்னென்பது! வேலையின்றிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அப்பா, மகளின் சரளி வரிசைக்குத் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். மூன்றாம் காலத்தில் அவரால் கையைத் துரத்த முடியவில்லை, இருவரும் சிரித்துவிட்டார்கள். அவ்வீட்டில் சிரிப்பொலி கேட்டு இரண்டு மாதமாயிற்று என்று அவள் அம்மா மிஸ்ஸிடம் சொல்லி அழுதாராம்.

இதைக் குறை சொன்னவர்களும் உண்டு. "ஊரே சாவு வீடு மாதிரி இருக்கு. இப்போ என்னம்மா பாட்டு?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எங்கள் வடசென்னையில் சாவு வீட்டில் பாட்டு இல்லாமலிருக்குமா? இறந்தவரின் குணங்களைச் சொல்லி விடிய விடியக் கானா பாடும் வழக்கம் இங்கே தலைமுறைகளாய் இருப்பதுதானே! துக்கத்தைப் பாடிக் கரைப்பது எங்கள் மண்ணின் மரபு. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை அவர்களையும் நினைத்துப் பாருங்கள். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் மக்களை வாட்டியபோது, அவர் தம் பொருளைக் கொடுத்துப் பசி தீர்த்தார். அதே காலத்தில் பஞ்சத்தைப் பற்றி இறைவனிடம் முறையிட்டுக் கீர்த்தனைகளும் இயற்றினார். ஒரு கையில் சோறு, மறு கையில் பாட்டு! பாட்டு பசியைத் தீர்க்காது என்பதை அவர் அறியாதவரா? சோறு மட்டும் துயரைத் தீர்க்காது என்பதையும் அறிந்திருந்தார் போலும்.

உலகமெங்கும் அப்படித்தான் நடந்தது. 2020 மார்ச்சில் இத்தாலி மக்கள் தத்தம் வீட்டுப் பால்கனிகளில் நின்று எதிர்வீட்டாரோடு பாடினார்கள். மார்ச் 27 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் மழையில் தனியே நின்று உலகுக்காக மன்றாடினார்கள். ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறன்று, பார்வையற்ற பாடகர் ஆந்திரேயா போசெல்லி மிலான் பேராலயத்தில் கேட்போர் எவருமின்றிப் பாட, உலகத்தார் இணையத்தில் கேட்டார்கள். நம் சென்னையில் மியூசிக் அகாடமியும் அவ்வாண்டு டிசம்பர் இசை விழாவை இணையவழியே நடத்திற்று. பெரியவர்கள் பெரிய மேடையில் செய்ததை எங்கள் மிஸ் மாடிப்படியிலும் கட்டில் சந்திலும் செய்வித்தார் என்றால் அது மிகையாகாது.

இனிச் சொல்லப்போவதை எழுத, எங்களில் அந்த ஒருத்தியிடம் அனுமதி பெற்றிருக்கிறோம்.

2021 மே மாதம், இரண்டாம் அலை. எங்களில் ஒருத்தியின் தந்தை பத்து நாள் மருத்துவமனையில் இருந்து இறைவனடி சேர்ந்தார். அடக்கத்துக்குச் சிலரே அனுமதிக்கப்பட்டனர். அவள் கையைப் பிடித்துக்கொள்ள எங்கள் ஐவரில் ஒருத்தியாலும் போக முடியவில்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை ஐந்து மணிக்கு வகுப்பு திறந்தபோது, ஆறாவது சதுரமும் வந்து நின்றது. முகம் தெரியவில்லை. கறுத்த சதுரத்தின் நடுவே வெள்ளை எழுத்தில் அவள் அப்பாவின் பெயர் மட்டும் தெரிந்தது. கைபேசி அவருடையதன்றோ!

எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மிஸ் வழக்கம்போல் ஒவ்வொருத்தியாகப் பாடச் சொன்னார். அவள் முறை வந்தது. "இது ஒன் நேரம் கண்ணு. பாட வேணாம். நாங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டுச் சுருதிப் பெட்டியை மட்டும் ஒலிக்க விட்டார். நான்கு நிமிடம். சுருதியைத் தவிர ஓசை இல்லை. ஒருத்தியும் அசையவில்லை. நேரம் முடிந்ததும் மிஸ் அடுத்தவளை அழைத்தார்.

அடுத்த வகுப்பிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. நான்காம் வகுப்பில், சுருதி ஒலிக்கத் தொடங்கி வெகுநேரம் கழித்து, அந்தக் கறுத்த சதுரத்திலிருந்து மெல்ல ஒரு 'ஸ' வந்தது. நடுங்கிற்று, நின்றது, மறுபடி வந்து சுருதியோடு சேர்ந்துகொண்டது. அந்த ஓர் எழுத்துக்கு மேல் அவள் பாடவில்லை. மிஸ் சிறிது நேரம் பேசாதிருந்து, "நல்லா இருந்துச்சு. அடுத்த வாரம் ரி" என்றார்.

பின்னொரு நாள் அவள் எங்களிடம் சொன்னாள்: "எல்லாரும் அழாதேன்னு சொன்னாங்க. இல்லாட்டி நல்லா அழுன்னு சொன்னாங்க. நீங்க ஒண்ணும் சொல்லல. எனக்குன்னு நாலு நிமிஷம் அப்படியே வச்சிருந்தீங்க." இதைவிட அந்த வகுப்பின் பயனை எங்களால் எடுத்துரைக்க இயலாது. இசை அவள் தந்தையைத் திருப்பித் தரவில்லை. அவளுக்கென்று ஓர் இடத்தை அது விட்டு வைத்திருந்தது. அவள் வருமட்டும் அந்த இடத்தை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

2021 நவம்பர் முதல் நாள் எங்களைப் போன்ற சிறு வகுப்பினருக்குப் பள்ளிகள் திறந்தன. நாங்கள் ஆறாம் வகுப்பு. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் பாடல்களுக்காக நாங்கள் ஆறு பேரும் ஒரே அறையில் நின்று பாடினோம். அன்று ஒரு புதுமை நிகழ்ந்தது. ஆறு குரலும் ஒன்றாய் ஒலித்தபோதும் ஒவ்வொரு குரலும் எங்களுக்குத் தனியே தெரிந்தது. இவள் மேல்ஸ்தாயியில் மூச்சை முன்கூட்டியே எடுப்பாள். அவள் 'க'வைச் சற்றுத் தொட்டுவிட்டு நிற்பாள். மற்றொருத்தி பயந்தால் காலம் ஓடும். ஓராண்டுக்கு மேலாய் ஒருவரையொருவர் தனித்தனியே கேட்டதன் பலன் அது. முன்பு நாங்கள் சேர்ந்து பாடினோம். இப்போது சேர்ந்து கேட்கவும் தெரிந்துகொண்டோம்.

அத்துடன் இணையவழி வகுப்பு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தோம். 2023 டிசம்பர் அதை மீண்டும் கொண்டுவந்தது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் பாழாகி மீனவர் தவித்தனர். அந்தத் துயர் ஆறுமுன், டிசம்பர் 26 நள்ளிரவு, கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து எண்ணூர்ப் பகுதியில் பரவிற்று. கண்ணும் தொண்டையும் எரிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எங்கள் எண்ணூர்த் தோழி குடும்பத்தோடு உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்தாள்.

மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு எங்கள் எல்லோர் கைபேசியிலும் மிஸ்ஸின் அழைப்பு வந்தது. பழைய ஆறு சதுரங்கள்! எண்ணூர்த் தோழிக்குக் குரல் எழவில்லை, இருமல். "தொண்டை எரியுதா? அப்போ கையால பாடு" என்றார் மிஸ். அவள் ஆதி தாளம் போட்டாள். நாங்கள் மியூட் செய்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. முதலில் நடுங்கிய கை, போகப் போக நிதானப்பட்டது. ஓசையே இல்லாத அந்த நான்கு நிமிடத்தையும் நாங்கள் இசை என்றே கருதுகிறோம்.

இணையவழி வகுப்பே சிறந்ததென்று நாங்கள் வாதாட வரவில்லை. குருவின் அருகமர்ந்து கற்பதற்கு எதுவும் ஈடாகாது. வாய் திறக்கும் விதம், அமரும் நேர்த்தி, மூச்செடுக்கும் இடம் இவையெல்லாம் திரையில் பாதிதான் தெரியும். மின்சாரம் போனால் வகுப்பும் போகும். புயல் நாட்களில் அப்படித்தான் போயிற்று. கைபேசி இல்லாத வீட்டுக் குழந்தைக்கு அந்தக் கதவே திறக்காது. எங்களோடு ஆலயத்தில் பாடிய முப்பது பேரில் ஆறு பேர்தான் இதில் சேர முடிந்தது என்பதை நினைக்கையில் மனம் வருந்துகிறது. இவற்றையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம். துயர் நாளில் எங்களைத் தேற்றியது கருவியன்று. 'இந்த நேரத்தில் நீ வருவாய், உன்னைக் கேட்க நாங்கள் இருப்போம்' என்ற உறுதி அந்தக் கருவியின் மறுமுனையில் இருந்தது.

எங்கள் அன்பிற்குரிய அருட்சகோதரிகளே, பெற்றோர்களே! பொதுத்தேர்வு நெருங்கும் இவ்வாண்டில் எங்களுக்கு அறிவுரை கூற எல்லோரும் இருக்கிறீர்கள், அதற்கு நன்றி. அதனோடு நாளுக்கு நான்கு நிமிடம், ஒன்றும் சொல்லாமல் எங்களைக் கேளுங்கள். அருமைத் தோழியரே! உங்கள் வகுப்பில் பேசாமல் ஓரமாய் அமர்ந்திருக்கும் ஒருத்தி இருப்பாள். அவளை வற்புறுத்த வேண்டாம். அவள் முறை வரும்போது அதைத் தாண்டிச் செல்லாமல் காத்திருங்கள். சுருதியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவள் பாடுவாள்.

— பத்தாம் வகுப்பு மாணவி